முதல் 45 அமினோ அமிலங்களை வெட்டியதும் ஆர்-2 ஆல்ஃபா இடம் மாறுகிறது: ஜோடி பிரிந்ததாலா, வேறு காரணமா?

இழைமணி
வணக்கம். பிகேஏ (புரத கைனேஸ் ஏ) நொதியில் வேலை செய்கிறேன். இதில் ஒழுங்குபடுத்தும் துணையலகு இரண்டு, வினைபுரியும் சி துணையலகு இரண்டு சேர்ந்திருக்கும். சைக்ளிக் ஏஎம்பி என்னும் சிறு சமிக்ஞை மூலக்கூறு வந்து ஒட்டினால் சி விடுபட்டு வேலையைத் தொடங்கும்.

நான் எடுத்திருப்பது ஒழுங்குபடுத்தும் ஆர்-2 ஆல்ஃபா. சி-முனையில் ஜிஎஃப்பி என்னும் ஒளிரும் புரதத்தை ஒட்டி ஹீலா செல்களில் செலுத்தினால், முழு நீளப் புரதம் உட்கருவை ஒட்டி, கோல்ஜியும் சென்ட்ரோசோமும் இருக்கும் பக்கமாகக் குவிகிறது. என்-முனையில் முதல் 45 அமினோ அமிலங்களை நீக்கிய வடிவம் சைட்டோபிளாசம் முழுக்கப் பரவிவிடுகிறது. ஆனால் சி துணையலகைப் பிடிப்பதில் எந்தக் குறையும் இல்லை. ஜிஎஃப்பி ஆன்டிபாடியால் இழுத்தால் சி கூடவே வருகிறது, சைக்ளிக் ஏஎம்பி சேர்த்தால் பிரிகிறது.

டைமர், அதாவது இரு சங்கிலிகளின் ஜோடி, உடைந்ததால் இடம் போனதா, அல்லது அந்த 45-க்குள்ளேயே முகவரி இருக்கிறதா? ஜோடி சேர்கிறதா என்று பார்க்க, டைசல்ஃபைடு பிணைப்பை உடைக்கும் டிடிடி சேர்க்காமல், புரதங்களை அளவுப்படி பிரிக்கும் எஸ்டிஎஸ் ஜெல் ஓட்டினேன். முழு நீளப் புரதமும் ஒற்றைச் சங்கிலி அளவில்தான் தெரிகிறது. அப்படியானால் அதுவும் ஜோடி சேரவில்லையா? குழப்பமாக இருக்கிறது, உதவுங்கள்.

ஹெலிக்ஸ்
ஜெல்லை வைத்துக் கவலைப்படாதீர்கள். ஆர்-2 ஜோடியைப் பிடித்துவைத்திருப்பது நீர்வெறுப்புப் பக்கங்களின் ஒட்டுதல்தான். எஸ்டிஎஸ் பட்டதுமே அது கலைந்துவிடும், டிடிடி இருந்தாலும் இல்லாவிட்டாலும். இன்னொரு ஒழுங்குபடுத்தும் துணையலகான ஆர்-1 ஆல்ஃபாவின் கதை வேறு. அதில் இரண்டு சங்கிலிகளும் சிஸ்டீன்கள் வழியாக டைசல்ஃபைடு பிணைப்பால் கட்டுண்டவை, அதனால் டிடிடி இல்லாத ஜெல்லில் டைமர் அப்படியே தெரியும். நீங்கள் பின்பற்றிய செய்முறை ஆர்-1-க்கு எழுதியதாக இருக்கலாம்.

ஒரு பிளாஸ்மிடில் ஆர்-2-உடன் ஃபிளாக் என்னும் சிறு அடையாள ஒட்டு, இன்னொன்றில் ஜிஎஃப்பி வைத்து இரண்டையும் ஒரே செல்லில் செலுத்துங்கள். ஃபிளாக்கை இழுத்தால் ஜிஎஃப்பி வருகிறதா பாருங்கள். ஜிஎஃப்பியில் அதைத் தனித்தே வைத்திருக்கும் ஏ206கே திருத்தம் இருக்கட்டும், இல்லையென்றால் அளவு கூடும்போது ஜிஎஃப்பிகளே ஒன்றோடொன்று ஒட்டி ஏமாற்றும். புரதங்களை உருவ அளவால் பிரிக்கும் ஜெல் ஃபில்ட்ரேஷன் ஓட்டினால் வரும் எண்ணை அப்படியே மூலக்கூறு எடையாக எடுக்காதீர்கள். இந்தத் துணையலகு நீண்ட வடிவம் கொண்டது, இருப்பதை விடப் பெரிதாகவே காட்டும்.

நுண்ணோக்கி
முதல் கேள்விக்கு வருகிறேன், இந்த நொதியில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. ஒவ்வொரு சங்கிலியின் என்-முனையும் இரண்டு ஹெலிக்ஸாக (திருகுச்சுருளாக) மடிகிறது. இரண்டு சங்கிலிகள் எதிரெதிர்த் திசையில் சேரும்போது நான்கு ஹெலிக்ஸ் கட்டு உருவாகி, அதன் ஒரு முகத்தில் ஆழமில்லாத நீர்வெறுப்புப் பள்ளம் அமைகிறது. ஏகேஏபி எனப்படும் நங்கூரப் புரதங்கள் தங்கள் ஹெலிக்ஸ் ஒன்றை அந்தப் பள்ளத்தின் குறுக்கே படுக்கவைக்கின்றன. இரண்டு கைகளையும் சேர்த்தால்தான் நீரை ஏந்த முடியும், இதுவும் அப்படித்தான்: ஒற்றைச் சங்கிலியில் பள்ளமே கிடையாது.

ஆக, 45-ஐ வெட்டும்போது ஜோடி, நங்கூரம் இரண்டும் ஒன்றாகப் போகின்றன. அந்த ஒரு வெட்டை வைத்து எது காரணம் என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. பிரிக்க வேண்டுமென்றால் 3-ஆம், 5-ஆம் ஐசோலூசின்களை மட்டும் அலனினாக மாற்றுங்கள். ஜோடி நிலைத்திருக்கும், ஏகேஏபி பிடிப்பு மட்டும் போய்விடும். சி-யைப் பிடிக்கும் பகுதி இவற்றுக்கு அப்பால், 90-களில் தொடங்குகிறது. அதனால்தான் உங்கள் வெட்டு அதைத் தொடவே இல்லை.

மறுபக்கத்திலிருந்தும் சோதியுங்கள். முழு நீள வடிவம் உள்ள செல்களில் செல்லுக்குள் புகும் ஹெச்டி31 பெப்டைடைச் சேர்த்துப் பாருங்கள்; அது ஏகேஏபி ஹெலிக்ஸைப் போலப் பள்ளத்தில் ஒட்டி, ஏகேஏபியை விலக்கும். புரோலின் வைத்து அந்தப் பெப்டைடின் ஹெலிக்ஸை உடைத்த வடிவம் ஒப்பீட்டுக்குக் கட்டாயம் வேண்டும்.

பளிச்சென்று ஒளிரும் செல்களை எண்ணிக்கையில் சேர்க்காதீர்கள். ஏகேஏபி அளவோடுதான் இருக்கும். புரதம் அளவுக்கு மிஞ்சினால் நங்கூரம் கிடைக்காத மிச்சம் எல்லாம் பரவித்தான் தெரியும்.

இழைமணி
மிக்க நன்றி. ஃபிளாக்-ஜிஎஃப்பி இழுவையில் முழு நீளம் தெளிவாக ஜோடி சேர்கிறது, வெட்டிய வடிவம் சேரவில்லை. ஐசோலூசின் மாற்றிய வடிவம் ஜோடி சேர்ந்தும் பரவுகிறது! மங்கலான செல்களில் மட்டும் கோல்ஜிப் பக்கம் லேசான குவிப்பு மிஞ்சுகிறது. அது ஏன்?

ஹெலிக்ஸ்
செல்லின் சொந்த ஆர்-2-ஐ மறந்துவிடாதீர்கள். உங்கள் புரதம் குறைவாக உள்ள செல்லில் அது சொந்த ஆர்-2-உடன் கலப்பு ஜோடி சேர வாய்ப்பு அதிகம். பள்ளத்தின் பாதி சரியாக இருப்பதால் பலவீனமாகவாவது ஒட்டிக்கொள்ளலாம். ஆர்என்ஏ குறுக்கீட்டால் சொந்த ஆர்-2-ஐக் குறைத்து, உங்கள் பிளாஸ்மிடை அந்தக் குறுக்கீட்டிலிருந்து தப்பும்படி மாற்றிக்கொண்டு மீண்டும் பாருங்கள்.

நுண்ணோக்கி
அதோடு ஆர்-1 ஆல்ஃபாவையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அதற்கும் நான்கு ஹெலிக்ஸ் கட்டு உண்டு, ஆனால் பள்ளத்தின் வடிவம் வேறு. பெரும்பாலான ஏகேஏபிகள் ஆர்-2-ஐத்தான் இறுக்கமாகப் பிடிக்கும். ஆர்-1-இன் முனையை எடுத்து உங்கள் ஆர்-2-இல் பொருத்தினால் ஜோடி சேரும். அது எங்கே போய் நிற்கிறது என்று பார்த்துவிட்டு இங்கேயே எழுதுங்கள். ஜிஎஃப்பியை மட்டும் எப்போதும் போல சி-முனையிலேயே வையுங்கள், என்-முனையில் வைத்தால் பள்ளத்தை மறைத்துவிடக்கூடும்.