கோபி பக்கம், பிளஸ் டூ முடிச்ச பொண்ணு: டி.ஜி.என்.எம்.மா, பி.எஸ்சி. நர்சிங்கா? இப்பவே அட்வான்ஸ் கட்டலாமா?

கோபிக்காரன்:

வணக்கமுங்க. தங்கச்சி பொண்ணு கவர்மென்ட் ஸ்கூல், தமிழ் மீடியம், பயோ-மேத்ஸ் குரூப். உயிரியல் 91, இயற்பியல் 78, வேதியியல் 80, இங்கிலீஷ் 74. நர்சிங்தான் வேணும்னு ஒரே பிடியா நிக்கறா. நீட் எழுதலைங்க.

பக்கத்து மாவட்டத்துல ஒரு காலேஜ்ல பி.எஸ்சி. நர்சிங் மேனேஜ்மென்ட் சீட் இருக்குதாம். இந்த வாரமே 50,000 அட்வான்ஸும் ஒரிஜினல் டிசி, மார்க் ஷீட்டும் கொடுத்தாத்தான் சீட்டுன்னு சொல்றாங்க. சொந்தக்காரங்க சிலர் கவர்மென்ட் டி.ஜி.என்.எம். (நர்சிங் டிப்ளமா) போதும், மூணு வருசத்துல முடிஞ்சுரும்ங்கறாங்க. கவுன்சிலிங்னு ஒண்ணு இருக்குதுன்னு கேள்வி, அது நீட் எழுதுனவங்களுக்கு மட்டுமா? வெவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

வார்டு ரவுண்ட்ஸ்:

மொதல்ல ஒண்ணு. ஒரிஜினல் சர்டிபிகேட்டை யார் கையிலயும் கொடுக்காதீங்க. கவுன்சிலிங்ல சீட் கிடைச்சா அங்க சேர ஒரிஜினல் வேணும். அந்தக் காலேஜ் பீரோவுல மாட்டிக்கிச்சுன்னா, "மீதிப் பணத்தைக் கட்டிட்டு வாங்கிக்கங்க"ம்பாங்க. காலேஜ்கள் ஒரிஜினலைப் பிடிச்சு வெக்கக் கூடாதுன்னு யு.ஜி.சி. 2018லயே அறிவிப்பு போட்டிருக்கு. ஆனா அதைக் காட்டிச் சண்டை போட்டு வாங்கறதுக்குள்ள சேர்க்கைத் தேதி ஓடிப்போயிரும்.

தமிழ்நாட்டுல பி.எஸ்சி. நர்சிங் கவுன்சிலிங்குக்கு நீட் வேண்டாமுங்க. சென்னை கீழ்ப்பாக்கத்துல இருக்கற மருத்துவக் கல்வி இயக்ககத்தோட தேர்வுக்குழுதான் நடத்துது. பாராமெடிக்கல் பட்டப்படிப்புன்னு பேர் போட்டு ஒரே விண்ணப்பத்துல நர்சிங், பி.பார்ம்., பிசியோதெரபி எல்லாம் வரும். இயற்பியல், வேதியியல், உயிரியல் மார்க் மட்டும்தான் ரேங்குக்கு. உயிரியல் 100க்கு அப்படியே, மத்த ரெண்டும் பாதி பாதி. உங்க பொண்ணுக்கு 91 + 39 + 40, ஆக 200க்கு 170. தாவரவியல், விலங்கியல் தனித்தனியாப் படிச்சவங்களுக்கு அது ரெண்டும் பாதி பாதியாச் சேர்ந்து அந்த 100 ஆகும். இங்கிலீஷ்ல பாஸ் ஆயிருந்தா போதும்.

நீட் கேக்கறது புதுச்சேரி ஜிப்மர் ஆஸ்பத்திரியோட பி.எஸ்சி. நர்சிங்குக்கும், ராணுவ நர்சிங் சேவையோட பி.எஸ்சி.க்கும். இந்த வருசம் அது ரெண்டும் கணக்குல இல்லை, விடுங்க.

170க்கு எங்க கிடைக்கும்னு யாராவது அடிச்சுச் சொன்னா நம்பாதீங்க. போன வருசத்துக் கட்ஆஃபை உங்க சாதிப் பிரிவு வாரியா, ரவுண்டு வாரியா எடுத்துப் பாருங்க. கவர்மென்ட் காலேஜ் சீட் சீக்கிரம் மூடிரும். தனியார் காலேஜோட கவர்மென்ட் கோட்டா சீட்டு பின்னாடி ரவுண்டுகள்லயும் இருக்கும். மைனாரிட்டி அல்லாத காலேஜ்கள்ல பெரும்பகுதி சீட்டு கவர்மென்ட் கோட்டாவுக்குத்தான் போகுது. அதே காலேஜ், அதே வகுப்பு, அதே டியூட்டர். பீஸ் மட்டும் அரசு கமிட்டி வெச்சது. அப்புறம் எதுக்குங்க இப்பவே அட்வான்ஸ்?

சாய்ஸ் கொடுக்கறப்ப, "இது கிடைக்காது"ன்னு நீங்களே கழிச்சுக் கட்டாதீங்க. புடிச்ச வரிசையில, எத்தனை காலேஜுக்குப் போக மனசு இருக்கோ அத்தனையும் போடுங்க. எந்த ரவுண்டுல சீட்டை விட்டா பணம் போகும், எதுல போகாதுன்னு கவுன்சிலிங் விளக்கக் குறிப்பேட்டுல (பிராஸ்பெக்டஸ்) இருக்கும். அந்தப் பக்கத்தை மட்டுமாவது ரெண்டு தடவை படிச்சிருங்க.

சேலம் டியூட்டர்:

மேலே சொன்னது சரி. எந்தக் கல்லூரி என்பதற்கு நான் சொல்கிறேன்.

கட்டடத்தையும் ஏசி லேபையும் பார்க்க வேண்டாம், ஆஸ்பத்திரியைப் பாருங்கள். நர்சிங் கல்லூரி நடத்த 100 படுக்கை கொண்ட தாய் மருத்துவமனை, அதாவது கல்லூரியின் சொந்த மருத்துவமனை, வேண்டும் என்பது இந்திய நர்சிங் கவுன்சில் விதி. ஒரு மாணவிக்கு மூன்று நோயாளிகள், படுக்கைகளில் 75 சதவீதம் நிரம்பியிருக்க வேண்டும் என்றும் இருக்கிறது. காகிதத்தில் எல்லோரிடமும் 100 படுக்கை உண்டு. ஒரு வேலை நாள் காலை பத்து மணிக்குப் பார்வையாளர் போல உள்ளே போய் மருத்துவ வார்டையும் பிரசவ வார்டையும் எட்டிப் பாருங்கள். மெத்தைமேல் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் இருந்தால் புரிந்துவிடும். ஒரே பாட்டியின் கையில் நான்கு மாணவிகள் மாறி மாறி பிபி பட்டை கட்டிக்கொண்டிருந்தாலும் அதே பதில்தான்.

இது ஏன் முக்கியம் என்றால், இந்தப் படிப்பில் வகுப்பறையை விட வார்டு நேரம்தான் கனம். 2021-22 முதல் பி.எஸ்சி. நர்சிங் எட்டு செமஸ்டர் ஆகிவிட்டது. எட்டாவது செமஸ்டர் முழுக்க இன்டர்ன்ஷிப்: வாரம் 48 மணி நேரம், 22 வாரம். ஒவ்வொரு செயல்முறையும் லாக் புக்கில் டியூட்டர் கையெழுத்தோடு ஏற வேண்டும். நோயாளி இல்லாத ஆஸ்பத்திரியில் அது பொம்மைமேல் செய்ததற்கு வாங்கிய கையெழுத்தாக முடியும். பிறகு வேலைக்குப் போன முதல் வாரம் நைட் டூட்டியில் ஐ.வி. லைன் போட நரம்பு கிடைக்காமல் கை நடுங்கும்.

கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு. பிரசவம் பார்க்க எங்கே அனுப்புகிறார்கள்? பல தனியார் கல்லூரிகள் அரசு மருத்துவமனைக்குத்தான் அனுப்பும். அதில் தவறில்லை, ஆனால் வேன் கட்டணம் யார் தலையில், எத்தனை வாரம் என்று கேளுங்கள். மனநலப் பயிற்சிக்கு எந்த ஊர், தங்கும் செலவு யாருடையது? நான்கு வருடத்துக்கும் டியூஷன், விடுதி, யூனிஃபார்ம், பல்கலைத் தேர்வுக் கட்டணம், வெளியூர்ப் பயிற்சி எல்லாம் சேர்த்து ஒரே தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். வாயால் மட்டும் சொல்லும் கல்லூரியில் இரண்டாம் வருடம் புதுப் புதுக் கட்டணம் முளைக்கும்.

அங்கீகாரத்தை மூன்று இடத்தில் சரிபாருங்கள்: டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலையின் இணைப்புப் பட்டியல், தமிழ்நாடு நர்சுகள் மற்றும் தாதியர் கவுன்சில் பட்டியல், இந்திய நர்சிங் கவுன்சில் பட்டியல். கல்லூரிப் பெயரோடு படிப்பின் பெயரும், அந்த வருடமும் இருக்க வேண்டும்.

ஈரோட்டு சிஸ்டர்:

எல்லாரும் பி.எஸ்சி.ன்னே பேசறீங்க. கவர்மென்ட் டி.ஜி.என்.எம். கிடைச்சா அதை லேசா எடுத்துக்க வேண்டாமுங்க. மூணு வருசம், ஸ்டைபெண்டு உண்டு, பெரிய ஆஸ்பத்திரி வார்டுலயே பழகற படிப்பு. கோயம்புத்தூர் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரி மாதிரி இடத்துல பாக்காத கேஸே இருக்காது. எம்.ஆர்.பி. (தமிழ்நாடு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம்) எடுக்கற ஸ்டாஃப் நர்ஸ் வேலைக்கு டி.ஜி.என்.எம்.மும் பி.எஸ்சி.யும் ஒரே போஸ்ட்டுக்குத்தான் போட்டி போடறாங்க. கடன் வாங்கித் தெரியாத ஒரு காலேஜ்ல பி.எஸ்சி. படிக்கறதுக்கு இது எவ்வளவோ மேல்.

கவர்மென்ட் டி.ஜி.என்.எம். பொண்ணுங்களுக்கு மட்டும். இதுக்கு விண்ணப்பம் தனி, அறிவிப்பும் தனி. பி.எஸ்சி.க்குப் போட்டாச்சு, இதுவும் அதுலயே வந்துரும்னு இருந்துட்டுக் கடைசித் தேதியைக் கோட்டை விடறவங்க நெறையப் பேர். ரெண்டுக்கும் போட்டு வைங்க.

ஏ.என்.எம்.னு யாராவது சொன்னா, அது ரெண்டு வருசம், கிராம சுகாதார செவிலியர் வேலைக்கான படிப்பு. 170 வெச்சிருக்கற பொண்ணுக்கு அது முதல் சாய்ஸ் இல்லைங்க.

வார்டு ரவுண்ட்ஸ்:

சிஸ்டர் சொல்றதுல பாதிக்கு நான் ஒத்துப்போறேன். கவர்மென்ட் டி.ஜி.என்.எம்.முக்கும் காலி வார்டு காலேஜ் பி.எஸ்சி.க்கும் நடுவுல கேட்டா டி.ஜி.என்.எம்.தான். ஆனா நல்ல ஆஸ்பத்திரி இருக்கற காலேஜ்ல கவர்மென்ட் கோட்டா பி.எஸ்சி. கிடைச்சா அதை விடக் கூடாது.

காரணம் பின்னாடி வருது. டி.ஜி.என்.எம். முடிச்சவங்க பட்டம் வேணும்னா போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. ரெண்டு வருசம் படிக்கோணும். மூணும் ரெண்டும் அஞ்சு. அதுவும் சம்பளம் வந்துட்டிருக்கற நேரத்துல, கல்யாணப் பேச்சு நடக்கற நேரத்துல. போறேன் போறேன்னு சொல்லிப் போகாம நின்னவங்கதான் அதிகம். எய்ம்ஸ் நர்சிங் ஆபீசர் தேர்வுக்கு பி.எஸ்சி. படிச்சவங்க நேராப் போகலாம். டிப்ளமாக்காரங்களுக்கு 50 படுக்கை ஆஸ்பத்திரியில ரெண்டு வருச அனுபவம் கேக்கறாங்க. டியூட்டர் வேலை, எம்.எஸ்சி. ரெண்டுக்கும் பட்டம் இல்லாம முடியாது. எம்.எஸ்சி.க்கு பி.எஸ்சி.ல 55 சதவீதமும், ஒரு வருச அனுபவமும் வேணும்.

கோபிக்காரன்:

ரொம்ப நன்றிங்க. அட்வான்ஸ் கட்டலை. இன்னொரு விசயம், பெங்களூருல பி.எஸ்சி. சீட் வாங்கித் தர்றேன்னு ஒரு ஏஜென்ட் வர்றாருங்க. பீஸ் இங்கத்ததை விடக் கம்மியாச் சொல்றாரு. தமிழ் மீடியம் பொண்ணு தாக்குப் பிடிப்பாளான்னும் ஒரு பயம்.

சேலம் டியூட்டர்:

ஏஜென்ட் சொல்லும் தொகையில் அவர் கமிஷன் தெரியாது. சேர்ந்த பிறகு கல்லூரி தனியாக ஒரு கணக்குச் சொல்லும். கர்நாடகத்தில் நல்ல கல்லூரிகள் இருக்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் அங்கே படித்தால் முதலில் கர்நாடக நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்து, பிறகு அங்கிருந்து தடையில்லாச் சான்று வாங்கித் தமிழ்நாட்டுக் கவுன்சிலுக்கு மாற்ற வேண்டும். கல்லூரி இந்திய நர்சிங் கவுன்சில் பட்டியலில் அந்த வருடம் இல்லாமல் போனால் சிக்கல் அங்கேதான் வெடிக்கும். "வகுப்புக்கு வர வேண்டாம், பரீட்சைக்கு வந்தால் போதும்" என்று ஏஜென்ட் சொன்னால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். தியரி 80, பிராக்டிக்கல் 80 சதவீத வருகை இல்லாமல் தேர்வெழுத முடியாது. பட்டம் வாங்குமுன் பிராக்டிக்கல் நூறு சதவீதமும் முடித்தாக வேண்டும். ஊர் நோம்பிக்கு இரண்டு நாள் லீவு போட்டாலும் அந்த மணி நேரத்தை விடுமுறையில் ஈடுகட்டியாக வேண்டும்.

தமிழ் மீடியம் பற்றி: முதல் செமஸ்டரில் உடற்கூறியலும் உடலியங்கியலும்தான் ஆளைச் சாய்க்கும். பாடமும் தேர்வும் ஆங்கிலம். பிளஸ் டூ உயிரியலில் படித்தது வீணாகாது, பெயர்கள்தான் மாறுகின்றன. சேர்க்கைக்கு முன் இருக்கும் இரண்டு மாதத்தில் ஆங்கில வழி பிளஸ் ஒன், பிளஸ் டூ விலங்கியல் புத்தகத்தை எடுத்து, மனித உடல் பற்றிய பாடங்களை மட்டும், தமிழ்ப் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படிக்கச் சொல்லுங்கள். படம் வரைந்து பாகம் குறிக்கத் தெரிந்தால் வாக்கியம் தடுமாறினாலும் மார்க் வரும். அரியரைச் சேர்க்க விடாதீர்கள். முந்தைய தேர்வுகளை முடிக்காமல் ஐந்தாவது செமஸ்டர் தேர்வுக்கு உட்கார விடமாட்டார்கள்.

ஈரோட்டு சிஸ்டர்:

சர்டிபிகேட் விசயம் யாரும் சொல்லலை. மார்க் ஷீட், ஆதார், சாதிச் சான்று மூணுலயும் பேரும் இனிஷியலும் ஒரே மாதிரி இருக்குதான்னு இன்னைக்கே பாருங்க. ஒண்ணுல "எஸ்.", ஒண்ணுல "எம்.எஸ்."னு இருந்தா இப்ப யாரும் கண்டுக்க மாட்டாங்க. நாலு வருசம் கழிச்சு கவுன்சில் பதிவுலயும் பாஸ்போர்ட்லயும்தான் இடிக்கும். வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று எல்லாம் இ-சேவையில இப்பவே போட்டிருங்க. ரிசல்ட் வந்தாச்சு, எல்லாரும் ஒரே நேரத்துல போடுவாங்க, தாலுகா ஆபீஸ்ல நிலுவை ஏறிப்போயிரும்.

ஆறாவதுல இருந்து பன்னெண்டு வரைக்கும் கவர்மென்ட் ஸ்கூல்னா புதுமைப் பெண் திட்டத்துல மாசம் 1,000 ரூபா வரும். டிகிரி, டிப்ளமா ரெண்டுக்கும் உண்டு. காலேஜ் மூலமாத்தான் பதியோணும், பேங்க் கணக்கு பொண்ணு பேர்ல ஆதாரோட இணைஞ்சிருக்கோணும். கடன் வேணும்னா 7.5 லட்சம் வரைக்கும் அடமானம் இல்லாம கல்விக் கடன் இருக்கு. வித்யாலட்சுமி தளத்துல போடலாம். கவுன்சிலிங் ஒதுக்கீட்டுக் கடிதம் இருந்தா பேங்க்ல பேச்சு சுலபமா முடியும். மேனேஜ்மென்ட் சீட்டுன்னா பணம் கட்டறதுக்கு முன்னாடியே மேனேஜரைப் பாத்துக் கேட்டுக்கங்க.

அப்புறம் ஹெபடைடிஸ் பி ஊசி. மூணு டோஸ்: முதல் ஊசி, ஒரு மாசம் கழிச்சு ரெண்டாவது, முதல் ஊசியிலிருந்து ஆறாம் மாசம் மூணாவது. இப்ப ஆரம்பிச்சா வார்டுக்குப் போறதுக்குள்ள ரெண்டு டோஸ் முடிஞ்சிருக்கும். போட்ட தேதியோட சீட்டை எடுத்து வைங்க, சேர்றப்ப கேப்பாங்க.