பாரா பேட்மிண்டன் கிளாசிஃபிகேஷன், மெடிக்கல் ஃபார்ம் நிரப்புறதுல சிக்கல், உதவி வேணும்

வணக்கம் மக்களே, நாங்க திண்டுக்கல். அக்கா பொண்ணுக்கு 16 வயசு, பிறக்கும்போதே தோள் நரம்பு அடிபட்டு இடது கை முழுசா தூக்க வராது, முழங்கையும் நேரா நீளாது. வலது கைல நல்லா ஆடுவா, ஸ்கூல் டீம்ல மத்த பிள்ளைங்களோட சேர்ந்துதான் ஆடுறா. 2024 பாரிஸ் பாராலிம்பிக்ஸ்ல துளசிமதி வெள்ளி, மனிஷா வெண்கலம் வாங்கினாங்கல்ல, அதே எஸ்யூ5 (கைல பாதிப்பு இருக்கவங்க ஆடுற) பிரிவுதான் இவளுக்கும் வரும்னு கோச் சொல்றார், மனிஷாவுக்கும் பிறப்புலயே வந்த இதே மாதிரி நரம்புப் பிரச்சனைதான்.

சிக்கல் என்னன்னா, இன்டர்நேஷனல் கிளாசிஃபிகேஷனுக்கு, அதாவது எந்தப் பிரிவுல ஆடலாம்னு முடிவு பண்றதுக்கு, டாக்டர் நிரப்பின மெடிக்கல் ஃபார்ம் வேணும். ஊனமுற்றோர் அட்டை இருக்கு, 40 சதவீதத்துக்கு மேலயே போட்டிருக்கு, ஆனா அது இங்க செல்லாதாம், குறைஞ்சபட்ச பாதிப்பு அளவுன்னு கிளாசிஃபிகேஷன் பண்றவங்களுக்குத் தனி விதி. நோய் பேரு, எந்தத் தசைக்கு எவ்ளோ பலம், மூட்டு எவ்ளோ மடங்குது எல்லாம் தெளிவா இருக்கணும். எலும்பு டாக்டர் "கை பலவீனம்"னு ஒத்த வரி எழுதி கையெழுத்து போட்டுட்டார். நரம்பு டாக்டர் இஎம்ஜி (நரம்பு, தசை டெஸ்ட்) எடுத்துக் குடுத்தார், ரிப்போர்ட் கைல இருக்கு, ஆனா ஃபார்ம் நிரப்ப மாட்டேன்னுட்டார். பிசியோ அளவெல்லாம் எடுத்துத் தந்தாங்க, அதுலயும் டாக்டர் கையெழுத்து வேணுமாம். சின்ன வயசு ஆபரேஷன் பேப்பர் மட்டும் இல்ல.

மதுரை, திருச்சி, கோவை பக்கம் இந்த ஃபார்மை ஏற்கனவே நிரப்பிக் குடுத்த பிசிகல் மெடிசின் (மறுவாழ்வு மருத்துவம்) டாக்டர் யாராவது தெரியுமா?