பக்கி கதவில் எழுதிவிட்டால் அது கம்பெனிப் பெயரா?

வோல்ட்_வேலு (பீனிக்ஸ், டர்பன்)
நேற்று இன்னொரு இழையில் கீசர்_மாமா எழுதியதைப் படித்துவிட்டுத் தூக்கம் போய்விட்டது. அவர் சொன்னது இதுதான்: விளம்பரத்துக்கு ஒரு ரேண்ட்கூடக் கொடுக்காதீர்கள், கூகுள் மேப்பில் உங்கள் கம்பெனிப் பெயருக்குப் பின்னால் "சாட்ஸ்வர்த் 24 மணி நேர கீசர் பிளம்பர்" என்று சேர்த்துவிடுங்கள், தானாக மேலே வருவீர்கள். கீழே பதினோரு பேர் கும்பிடு போட்டிருக்கிறார்கள்.

அண்ணே, கடைப் பலகையில், ரசீதில், வாடிக்கையாளர் வாயில் என்ன பெயர் இருக்கிறதோ அதை மட்டும்தான் போட வேண்டும் என்பது கூகுளின் விதி. ஊருக்கும் வேலைக்கும் நேரத்துக்கும் தனித்தனிக் கட்டம் வைத்திருக்கிறார்கள். பதினாறு வருஷமாகக் கீசர் எலிமெண்ட் மாற்றி, மின்வேலை விதிப்படி சரி என்று சிஓசி சான்றிதழ் எழுதிக் கொடுத்து, ஒவ்வொரு விமர்சனமாகச் சேர்த்தவன் நான். பெயருக்கு வால் ஒட்டிக்கொண்டவர் எனக்கு மேலே நிற்பதா?

கீசர்_மாமா (சாட்ஸ்வர்த்)
வந்துவிட்டாரா தம்பி. நல்லது.

விதியில் பலகை என்று இருக்கிறதல்லவா? என் பக்கியின் இரண்டு கதவிலும் அந்தப் பெயர் முழுதாக எழுதியிருக்கிறது. மஞ்சள் அடி, சிவப்பு எழுத்து. பிளம்பருக்கு ஏது கடை? பக்கிதான் கடை, கதவுதான் பலகை. சரிபார்ப்புக்கு வீடியோ கேட்டபோது கருவிகளையும் வண்டியையும்தான் காட்டினேன், ஒப்புக்கொண்டார்கள். கூகுளுக்கு இல்லாத வயிற்றெரிச்சல் உங்களுக்கு எதற்கு?

வோல்ட்_வேலு
மேப்பில் பெயரை மாற்றிய பிறகுதானே கதவுக்குப் பெயின்ட் அடித்தீர்கள்? தைப்பூசக் காவடியன்று கோயில் வாசலில் அந்த வண்டிக்குப் பக்கத்தில்தான் என் வண்டியும் நின்றது. கதவு வெறும் வெள்ளை.

கீசர்_மாமா
சாமி கும்பிட வந்தாரா, என் கதவைப் பார்க்க வந்தாரா?

பேவியூ_அக்கா
இரண்டு பேரும் கொஞ்சம் நிறுத்துங்கள். என் வீட்டுக்காரருடைய பெயின்டிங் வேலைக்கு மேப், விளம்பரம் எல்லாம் நான்தான் பார்க்கிறேன். உள்ளூர்த் தேடலில் யார் மேலே வருவது என்பதற்கு கூகுள் மூன்று விஷயம் சொல்கிறது: தேடியதற்கும் உங்கள் தொழிலுக்கும் உள்ள பொருத்தம், தேடுகிறவரிடமிருந்து தூரம், நீங்கள் எவ்வளவு அறியப்பட்டவர் என்பது. தூரத்தை நம்மால் மாற்ற முடியாது. பொருத்தத்துக்கு வகை என்ற கட்டத்தை ஒழுங்காக நிரப்பினாலே பாதி வேலை முடிந்தது. முதன்மை வகை ஒன்று, கூடுதலாக ஒன்பது. எத்தனை பேர் நிரப்பியிருக்கிறார்கள்?

2022 ஏப்ரல் வெள்ளத்துக்குப் பிறகு டொங்காட் பக்கம் மாதக் கணக்கில் குழாயில் தண்ணீர் இல்லை. எங்கள் தெருவில் இருக்கும் ஒருவர் அப்போது தண்ணீர்த் தொட்டி பொருத்துவதையும் ஒரு வகையாகச் சேர்த்தார். போன் ஓயவில்லை. பெயரில் ஒரு எழுத்துகூட மாற்றவில்லை.

கீசர்_மாமா
அக்கா, வகையும் ஒன்பது நிரப்பியிருக்கிறேன், கதவிலும் எழுதியிருக்கிறேன். கதவில் எழுதியது பெயரா இல்லையா? அதற்குப் பதில் சொல்லுங்கள்.

மதுரைத்_தம்பி (உம்ஷ்லாங்கா)
வணக்கம். நான் ஊரிலிருந்து வந்து எட்டு மாதம்தான் ஆகிறது. மேலே எல்லாரும் பக்கி பக்கி என்று எழுதுவதைப் பார்த்து முதலில் பயந்துவிட்டேன். மதுரையில் ஒருவரைப் பக்கி என்றால் சண்டை வரும். இங்கே சரக்கு வண்டி என்று இப்போதுதான் புரிந்தது.

விஷயத்துக்கு வருகிறேன். பெயரில் வால் ஒட்டினால் கொஞ்ச நாள் மேலே வருவது உண்மை, இந்தத் தொழிலில் இருக்கும் எல்லாருக்கும் தெரியும். ஆனால் போட்டிக்காரர் யார் வேண்டுமானாலும் "திருத்தம் பரிந்துரைக்க" என்பதை அழுத்தி வாலை நறுக்கச் சொல்லலாம். புகார் கொடுக்கத் தனிப் படிவமே இருக்கிறது. பக்கம் முடங்கினால் அதுவரை வந்துகொண்டிருந்த அழைப்பும் சேர்ந்து நிற்கும். அப்புறம் ஒரு சின்ன விஷயம், கீசர் என்பதற்கு நல்ல தமிழில் வெந்நீர்க் கொதிகலன் என்று எழுதலாமே.

கீசர்_மாமா
தம்பி, 1860 நவம்பரில் ட்ரூரோ கப்பல் மதராசிலிருந்து டர்பனுக்கு வந்தது. அதற்கு அப்புறம் வந்த ஒரு கப்பலில் எங்கள் ஆயாவின் பாட்டி வந்தார். அன்றிலிருந்து இந்த வாயில் தமிழ் இருக்கிறது. எட்டு மாதம் ஆனவர் வந்து கொதிகலன் பாடம் எடுக்க வேண்டாம். அதிகாலை நாலு மணிக்குக் கூரையிலிருந்து தண்ணீர் கொட்டும்போது "வெந்நீர்க் கொதிகலன்" என்றா தேடுவார்கள்?

அப்புறம், "திருத்தம் பரிந்துரைக்க" என்பதைப் பற்றி நன்றாக நினைவுபடுத்தினீர்கள். ஜூனில் என் பக்கம் இரண்டு வாரம் முடங்கிக் கிடந்தது. யாரோ ஒரு புண்ணியவான் புகார் கொடுத்திருக்கிறார். மேல்முறையீட்டுப் படிவத்தைத் திறந்தால் ஆதாரம் ஏற்ற ஒரு மணி நேரம்தான். அது தெரியாமல் திறந்துவிட்டு, சிஐபிசி கம்பெனிப் பதிவுத் தாளைத் தேடி அலமாரி முழுக்கக் கொட்டினேன். கடைசியில் கரண்ட் பில்லையும் கதவின் போட்டோவையும் ஏற்றும்போது நாலு நிமிஷம் பாக்கி. அந்தப் புண்ணியவான் பீனிக்ஸில் இருக்கிறார் என்று எனக்குத் தோன்றுகிறது.

வோல்ட்_வேலு
பீனிக்ஸில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நான் கொடுக்கவில்லை. கொடுத்திருந்தாலும் தப்பில்லை.

கீசர்_மாமா
ஆகா. "கொடுத்திருந்தாலும்".

பேவியூ_அக்கா
இதற்காகத்தான் பணம் கட்டி விளம்பரமும் போடுங்கள் என்கிறேன். ஒரே காலில் நிற்கக் கூடாது. ஆனால் விளம்பரத்திலும் ஒரு ஓட்டை இருக்கிறது, நானே பட்டிருக்கிறேன். போன வருஷம் ஒரு ஏஜென்சியிடம் கொடுத்தேன். மூன்று மாதப் பணம் கரைந்தது, கிளிக்கில் பாதி ஜோஹன்னஸ்பர்க்கிலிருந்து. காரணம் என்ன தெரியுமா? இருப்பிட அமைப்பில் "இந்த ஊரில் இருப்பவர்கள், அல்லது இந்த ஊரில் ஆர்வம் காட்டுபவர்கள்" என்பதுதான் முன்கூட்டியே தேர்வாகியிருக்கும். டர்பனுக்கு லீவில் வர நினைப்பவனுக்கும் பெயின்டர் விளம்பரம் போய்க்கொண்டிருந்தது. "இருப்பவர்கள்" மட்டும் என்று மாற்றினேன், நின்றது. அதோடு "சம்பளம்", "வேலை காலி", "நீங்களே செய்வது எப்படி" போன்ற சொற்களை விலக்குப் பட்டியலில் போடுங்கள். வேலை தேடுகிறவர் கிளிக்குக்கும் நம்மிடம்தான் பணம்.

கீசர்_மாமா
இதில் அக்கா தப்பு. லண்டனில் இருக்கிற ஒரு மகன் அங்கிருந்தே தேடி, சாட்ஸ்வர்த் மான்ட்ஃபோர்டில் தனியாக இருக்கும் அம்மா வீட்டுக்கு என்னைக் கூப்பிட்டான். 150 லிட்டர் கீசர் புதிதாக மாட்டினேன். வேலை முடிவதற்குள் பணம் வந்துவிட்டது. அவனை விலக்கச் சொல்கிறீர்களா?

பேவியூ_அக்கா
விளம்பரமே போடாதே என்கிறவருக்கு லண்டன் எப்படி வந்தது? அவன் உங்களை மேப்பில் பார்த்திருப்பான். நான் பேசுவது காசு கொடுத்த கிளிக்கைப் பற்றி.

கீசர்_மாமா
மேப்பில்தான் பார்த்தான். பெயரைப் பார்த்தான். பெயரில் சாட்ஸ்வர்த் இருந்தது. அதைத்தானே நேற்றிலிருந்து சொல்கிறேன்!

குரோஃப்ட்டீன்_பார்வையாளர்
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். போன மாதம் எங்கள் கீசர் வெடித்தது. கூகுளில் தேடவே இல்லை. இன்சூரன்ஸுக்கு போன் செய்தோம், அவர்கள் பட்டியலிலிருந்து ஒருவரை அனுப்பினார்கள். நீங்கள் எதற்காக இவ்வளவு அடித்துக்கொள்கிறீர்கள் என்று புரியவில்லை.

வோல்ட்_வேலு
வெடித்தால் இன்சூரன்ஸ். தண்ணீர் சூடாகவில்லை என்றால்? தெர்மோஸ்டாட் போனால்? அதற்கு நம்மைத்தான் தேடுகிறார்கள், ஐயா. அந்த வேலையெல்லாம் வால் வைத்தவருக்குப் போகிறது. அதுதான் எரிகிறது.

கீசர்_மாமா
எரிகிறது என்று அவர் வாயாலேயே வந்துவிட்டது. இன்னொன்றும் கேட்கிறேன். 2014ல் வந்தபோது, மேப்பில் கம்பெனிப் பக்கம் வைக்கும் அந்தச் சேவைக்குப் பெயர் கூகுள் மை பிசினஸ். 2021ல் கூகுள் பிசினஸ் ப்ரொஃபைல் என்று மாற்றிக்கொண்டார்கள். பெரிய கம்பெனி பெயரை மாற்றலாம், சாட்ஸ்வர்த்காரன் மாற்றக் கூடாதா?

மதுரைத்_தம்பி
மாற்றலாம் மாமா. மாற்றினால் ரசீது, வெப்சைட், விசிட்டிங் கார்டு எல்லாவற்றிலும் மாற்ற வேண்டும். உங்கள் ரசீதில் என்ன பெயர் இருக்கிறது?

கீசர்_மாமா
ரசீதுப் புத்தகம் பழையது. இன்னும் நாலு புத்தகம் பாக்கி. தீரட்டும். கதவு புதியது, கதவைப் பாருங்கள்.

பேவியூ_அக்கா
அப்படியே வேலுவிடமும் ஒன்று கேட்க வேண்டும். ஐந்து நட்சத்திரம் போட்டால் வீட்டுக்கு வந்து பார்க்கும் கால்-அவுட் கட்டணத்தில் ஐம்பது ரேண்ட் குறைப்பேன் என்று தெரு வாட்ஸப் குழுவில் போட்டது யார்? விமர்சனத்துக்கு எதையும் ஈடாகக் கொடுக்கக் கூடாது என்பதும் அதே கூகுளின் விதிதான்.

வோல்ட்_வேலு
அது பண்டிகைத் தள்ளுபடி. விமர்சனத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. தீபாவளி வாரம்.

கீசர்_மாமா
ஐந்து நட்சத்திரத் தீபாவளி. கேட்டுக்கொள்ளுங்கள் மக்களே. ஒவ்வொரு விமர்சனமாகச் சேர்த்தாராம்.

வோல்ட்_வேலு
சரி, இன்று காலையில் பெட்ரோல் பங்கில் அந்தப் புகழ்பெற்ற கதவைப் பார்த்தேன், போட்டோவும் எடுத்தேன். இடது கதவில் பிளம்பர் என்பதற்கு இங்கிலீஷில் நடுவில் வரும் ஊமை "பி" எழுத்தே இல்லை. மேப்பில் இருக்கிறது. அப்படியானால் கதவில் இருப்பதும் மேப்பில் இருப்பதும் ஒரே பெயரா? உங்கள் கதவு வாதத்தையே வைத்துக்கொள்வோம். கதவுதான் பலகை என்றால் மேப்பிலும் அந்த எழுத்தை எடுங்கள்.

கீசர்_மாமா
வலது கதவில் சரியாக இருக்கிறது.

மதுரைத்_தம்பி
அப்போது எந்தக் கதவு கம்பெனி?

கீசர்_மாமா
கொதிகலன் தம்பி, நீங்கள் உம்ஷ்லாங்காவில் ஏசி ரூமில் இருங்கள். பெயின்ட்காரன் பையன் விட்ட எழுத்துக்கு நான் பொறுப்பா? உச்சரிக்காத எழுத்து இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன. படிக்கிறவனுக்குப் புரிந்தது, போன் செய்தான், நான் போனேன்.

பேவியூ_அக்கா
என் வீட்டுக்காரரிடம் கொடுத்திருந்தால் எழுத்து விடாமல் எழுதியிருப்பார். சும்மா சொல்கிறேன்.

கீசர்_மாமா
சனிக்கிழமை காலி என்றால் வரச் சொல்லுங்கள் அக்கா. இடது கதவைச் சரி செய்யலாம். அப்படியே பின்பக்க மூடியிலும் எழுத வேண்டும், "மெரிபேங்க், இசிபிங்கோ" என்று. அந்தப் பக்கமும் வேலை எடுக்கப் போகிறேன்.

வோல்ட்_வேலு
கதவில் ஒரு பெயர், மூடியில் ஒரு பெயர், ரசீதில் ஒரு பெயர். அண்ணே, மேப்பில் இதில் எதைப் போடுவீர்கள்?

கீசர்_மாமா
நீங்கள் முதலில் ஜூன் மாதப் புகாருக்குப் பதில் சொல்லுங்கள்.