கோயில் கோப்பிக்குப் பேப்பர் கப்பா, சில்வர் கப்பா?

உவர்மலை வாசி:
திருவிழாக் காலையில 300 பேருக்குக் கோப்பி குடுக்கவேணும். இலங்கையில பிளாஸ்டிக் கப் 2023 ஒக்ரோபர் 1 முதல் தடை. கடைக்காரர் 'உக்கக்கூடியது' எண்டு எழுதின பேப்பர் கப் காட்டுறார், விலை கூட. முடிஞ்சாப்பிறகு குழி வெட்டித் தாட்டால் சரிதானே?

கடதாசிக்கூழ்:
சரிவராது. சாதாரண பேப்பர் கப்பின்ர உள்பக்கம் பொலித்தீன் பூச்சு, நிறையில 5% அளவு. ஒண்டைக் கிழிச்சு ராமுழுக்கத் தண்ணியில ஊறப்போட்டு உரசிப் பாருங்கோ. கடதாசி கூழாகிப் போகும், மெல்லிய தோல் கையில மிஞ்சும். குழிக்குள்ளயும் அதுதான் மிஞ்சும். 'உக்கக்கூடியது' எண்டால் பெரும்பாலும் பி.எல்.ஏ. பூச்சு, சோளம் மாதிரிப் பயிரில இருந்து செய்யிற பிளாஸ்டிக். அது உக்குறதுக்கு 58 பாகை அளவு சூடு வாரக்கணக்கா நிக்கவேணும். வளவுக் குழியில அந்தச் சூடு ஏறாது. வீண்காசு.
சூடும் ஒரு பிரச்சினை. கரக்பூர் ஐ.ஐ.டி. 2020இல பார்த்தது: 85–90 பாகைத் தண்ணி 100 மி.லீ. பேப்பர் கப்பில 15 நிமிசம் நிண்டால் 25,000 அளவு நுண்பிளாஸ்டிக் துகள்.

மான்குட்டி:
பால் சீனி மணத்துக்கு எங்கட திருகோணமலை ரவுணுக்குள்ள திரியிற மான் எறிஞ்ச கப்பையும் சேர்த்துத் திண்டுடும். மாரியில நிமிர்ந்து கிடக்கிற கப்பில நுளம்பு பெருக ஒரு கிழமை, பத்து நாள் காணும்.

பந்தல்காரன்:
சில்வர் கப் வாடகைக்கு எடுங்கோ. புதுசா வாங்கி ஒரு நாளோட மூலையில போட்டால் அதுவும் வீண்தான். எல்லாரும் ஒரே நேரம் குடிக்கமாட்டினம், 150 கப் போதும். கண்ணாடி வேண்டாம், வெறுங்காலோட சனம் நடக்கிற இடம். 200 மி.லீ. கப்பில 150 மட்டும் ஊத்துங்கோ, விளிம்பில பிடிக்கலாம். மொத்தம் 45 லீற்றர் கோப்பி.
கழுவ மூண்டு பேசின். முதல்ல மண்டியை வாளியில கொட்டிப்போட்டு, சவர்க்காரச் சுடுதண்ணி, பிறகு வெறும் தண்ணி, கடைசியில 5% புளீச் 10 மி.லீ. கலந்த 5 லீற்றர் தண்ணியில ஒரு நிமிசம். துணியால துடைக்காமக் கவிழ்த்துக் காயவிடுங்கோ.
பிழைக்கிறது ரெண்டாவது பேசினில. அது பால்நிறமானால் மாத்தவேணும், இல்லாட்டி பால் ஒட்டின கப்பே புளீச்சைத் திண்டுடும், கிருமி சாகாது. விளிம்பு சுருட்டின கப்பும் எடுக்காதேங்கோ. சுருளுக்குள்ள பால் நிண்டு மணக்கும்.

உவர்மலை வாசி:
தண்ணி பவுசரிலதான் வரும். காணுமோ?

பந்தல்காரன்:
ரெண்டாவது பேசின் தண்ணியைக் கொட்டாம மண்டி அலசப் பாவியுங்கோ. கப் கழுவ 200 லீற்றர் ட்ரம் ஒண்டு தனியா ஒதுக்கி வையுங்கோ, சமையல்காரர் அதில கைவைக்காமப் பார்க்கிறதுதான் பாடு.