கண்டியிலிருந்து ஹந்தானை மலைக்கு ஒரு நாள் நடை: எப்படிப் போவது?

கேள்வி: ஒக்டோபரில் நாலு பேர் போக நினைக்கிறோம். எங்கே தொடங்குவது? மழையும் அட்டையும் எப்படி?

பதில் 1: தம்பி, கண்டி டவுனிலிருந்து ஹந்தானை ரோட்டால் தேயிலை நூதனசாலை வரை பஸ்ஸிலோ ஆட்டோவிலோ போங்க. 1925இல் கட்டின பழைய தேயிலைத் தொழிற்சாலைதான் அது. அங்கிருந்து நடை. ஒக்டோபர், நவம்பரில் பின்நேரம் இடி மழை வழக்கம். மேடு முழுக்கப் புல்வெளி, மின்னலுக்கு ஒதுங்க இடமில்லை. காலை 6.30க்கே தொடங்கி, பகல் ஒரு மணிக்குள் மேட்டைவிட்டு இறங்கிடணும். இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீங்க.

பதில் 2: மானாப்புல் ஆளுயரம் வளர்ந்திருக்கும். பாதையும் குழியும் தெரியாது, இலை விளிம்பு தோலைக் கீறும். நீளக் களிசான் கட்டாயம். ஆளுக்கு 2 லீட்டர் தண்ணீர். மூடுபனி இறங்கினால் அப்படியே நில்லுங்க. குறுக்குவழி தேடினால் சரிவில் மாட்டுவீங்க. வரைபடத்தை முன்கூட்டியே போனில் இறக்கி வைங்க.

பதில் 3: அட்டைக்கு: களிசான் நுனியை மேஸுக்குள் செருகி, மேஸில் காய்ந்த சவர்க்காரத்தை அழுத்தித் தேயுங்க. மழையில் கரைந்துவிடும், திரும்பவும் பூசணும். கடித்தால் பிடித்து இழுக்காதீங்க, உப்பும் போடாதீங்க. வயிற்றில் இருப்பதைக் காயத்துக்குள்ளேயே கக்கும். ஒடுங்கின முனைதான் வாய். நகத்தைத் தோலோடு ஒட்டித் தள்ளினால் விடும். இரத்தத்தை உறையவிடாத சுரப்பு அட்டையின் எச்சிலில் இருப்பதால் கொஞ்ச நேரம் கசியும். கழுவி அழுத்திப் பிடிங்க.

பதில் 1: காலையிலேயே மழையென்றால் உடவத்தகெலே காட்டுக்கு மாறுங்க. தலதா மாளிகைக்குப் பின்னாலேயே இருக்கு, டிக்கெட் எடுக்கணும். அட்டை அங்கேயும் உண்டு.