கிராண்ட் கேன்யன்: அம்மாவை அழைத்துச் செல்ல எந்தப் பகுதி ஏற்றது?

கேள்வி (தல்லாகுளம்)

வணக்கம். மே மாத இறுதியில் நானும் மனைவியும், எழுபத்திரண்டு வயதான என் அம்மாவும் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்து ஃபீனிக்ஸ் நகரில் வேலை பார்க்கும் மகளிடம் தங்கப் போகிறோம். கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்குக்கு எங்களை அழைத்துப் போக அவளுக்கு இரண்டு நாள் விடுப்புதான் கிடைக்கும். அது ஒரே இடம் என்று இதுவரை நினைத்திருந்தேன். விசாரித்த பிறகுதான் தெற்கு விளிம்பு, வடக்கு விளிம்பு, கண்ணாடிப் பாலம் உள்ள மேற்குப் பகுதி என மூன்றும் ஒன்றுக்கொன்று பல மணி நேரப் பயணத் தொலைவில் இருப்பது தெரிந்தது. அம்மாவுக்கு மூட்டுவலி உண்டு. சமதளத்தில் அரை மணி நேரம் நடப்பார், ஏற்ற இறக்கம் ஆகாது. போய் வந்தவர்கள் வழிகாட்டினால் நன்றியுடன் இருப்பேன்.

மறுமொழி 1 (திருநகர்)

ஐயா, தயங்காமல் தெற்கு விளிம்புக்குச் செல்லுங்கள். பள்ளத்தாக்கின் நீளம் 446 கி.மீ., ஏறக்குறைய மதுரைக்கும் சென்னைக்கும் இடைப்பட்ட தூரம். ஆகவே இரண்டு நாளில் எல்லாவற்றையும் பார்த்துவிடலாம் என்ற எண்ணமே வேண்டாம். தெற்கு விளிம்பிலிருந்து வடக்கு விளிம்பு நேர்க்கோட்டில் சுமார் 16 கி.மீ., நமக்கு அழகர்கோயில் தூரம்கூட இல்லை. ஆனால் பள்ளத்தைச் சுற்றிக்கொண்டு சாலையில் போனால் 350 கி.மீ. ஆகிறது. வடக்கில் இருந்த பழைய தங்கும் விடுதியும் 2025 ஜூலையில் காட்டுத்தீயில் அழிந்துவிட்டது. முதியவரோடு போகிறவர்கள் அதை இப்போதைக்கு விட்டுவிடுவதே நல்லது.

தெற்கு விளிம்பு சுமார் 7,000 அடி உயரத்தில் இருக்கிறது, அதாவது நம் கொடைக்கானல் அளவு. அரிசோனா என்றால் பாலைவனம், மே மாதம் என்றால் வெயில் என்று நம்பி, என் பெற்றோருக்கு ஸ்வெட்டர் எடுத்துப் போகாமல் விட்ட தவற்றை நீங்கள் செய்ய வேண்டாம். விடியற்காலை ஐந்தேகால் மணியளவில் சூரியன் உதிக்கும்போது நல்ல குளிர் இருக்கும்.

அந்த விடியலுக்காகவே ஓர் இரவு அங்கே தங்க வேண்டும். யானைமலையைக் கீழிருந்து அண்ணாந்து பார்த்துப் பழகிய நமக்கு, மலைகளை மேலே நின்று குனிந்து பார்ப்பதே புதிய அனுபவம். வெளிச்சம் முதலில் எதிர்க்கரையின் உச்சியில் பட்டு, பிறகு ஒவ்வொரு பாறை அடுக்காகக் கீழே இறங்குகிறது. இருட்டாகக் கிடந்த இடத்தில் ஒரு சிவப்புக் கோபுரம் எழுந்து நிற்கும். நண்பகலில் மட்டும் வந்து போகிறவர்களுக்கு இந்த நிழல் விளையாட்டு கிடைப்பதில்லை. எல்லாமே ஒரே தட்டையாகத் தெரியும்.

மறுமொழி 2 (மேலூர்)

மேற்குப் பகுதியைப் பற்றி மட்டும் சொல்கிறேன். லாஸ் வேகாஸிலிருந்து ஒரு நாள் சுற்றுலாவில் எங்களை அழைத்துப் போனவர்கள் ‘கிராண்ட் கேன்யன்’ என்று பொதுவாகச் சொன்னார்களே தவிர, அது தேசியப் பூங்காவுக்கு வெளியே ஹுவாலப்பாய் பழங்குடியினரின் நிலத்தில் உள்ளது என்பதைச் சொல்லவில்லை. பூங்காவின் நுழைவுச்சீட்டு அங்கே செல்லாது, கட்டணம் தனி. 2007இல் திறக்கப்பட்ட கண்ணாடிப் பாலம் விளிம்பிலிருந்து சுமார் 70 அடி வெளியே நீண்டிருக்கிறது. நாங்கள் போனபோது அதன்மேல் கைப்பேசியைக்கூட எடுத்துப் போகவிடவில்லை என்பதால், படம் எடுக்கும் ஆசையில் போன என் பிள்ளைகள் ஏமாந்தார்கள். லாஸ் வேகாஸில் ஒரே ஒரு நாள் மிச்சமிருப்பவர்களுக்கு அது பொருந்தலாம். ஃபீனிக்ஸிலிருந்து நான்கு மணி நேரத்துக்குள் தெற்கு விளிம்பை அடையக்கூடிய உங்களுக்கு அது தேவையில்லை.

மறுமொழி 3 (திருப்பரங்குன்றம்)

உங்கள் அம்மாவுக்காக ஒரு செய்தி. தெற்கு விளிம்பில் யாவபாய் அருங்காட்சியகத்தையொட்டி ‘காலப் பாதை’ என்ற நடைபாதை செல்கிறது. ஒரு மீட்டருக்குப் பத்து லட்சம் ஆண்டு என்ற கணக்கில் தரையில் குறிகள் பதித்து, பள்ளத்தாக்கின் ஒவ்வொரு அடுக்கிலிருந்தும் ஒரு கல்லைக் கொண்டுவந்து ஓரத்தில் நிறுத்தியிருக்கிறார்கள். அடிமட்டத்தில் உள்ள, ஏறத்தாழ 170 கோடி ஆண்டுப் பழைமையான பாறைக்குப் பெயர் விஷ்ணு. பள்ளத்துக்குள் நிற்கும் சிகரங்களுக்கும் விஷ்ணு கோயில், சிவன் கோயில், பிரம்மா கோயில் என்றே பெயர்கள் இருக்கின்றன. இதைச் சொன்னதும் என் மாமியார் அந்தக் கல்லை இரு கைகளாலும் தொட்டுக் கண்களில் ஒற்றிக்கொண்டு, சிறிது நேரம் அங்கேயே நின்றார்.

பாதை பெரும்பாலும் சமதளம்தான். முடிந்த மட்டும் நடந்துவிட்டு, பூங்காவின் இலவசப் பேருந்தில் ஏறிக்கொள்ளலாம். மார்ச் முதல் நவம்பர் வரை ஹெர்மிட் சாலையில் சொந்த வண்டிகளுக்கு அனுமதி இல்லையென்றாலும், நடக்கச் சிரமப்படுவோரை அழைத்து வருகிறவர்களுக்குத் தனி அனுமதிச்சீட்டு தருகிறார்கள், வாயிலிலேயே கேளுங்கள். விளிம்பில் எல்லா இடத்திலும் கைப்பிடிச் சுவர் கிடையாது, அம்மாவின் கையை விடாதீர்கள்.

திரும்பும்போது வந்த வழியே போகாமல், கிழக்கே டெசர்ட் வியூ சாலையில் சென்று, கேமரூன், ஃபிளாக்ஸ்டாஃப் வழியாக ஃபீனிக்ஸ் சேருங்கள். அந்தச் சாலையில் 1932இல் கட்டிய கற்கோபுரம் இருக்கிறது. மேலே ஏற வேண்டாம், அதன் அருகில் நின்றாலே பள்ளத்தாக்கின் அடியில் கொலராடோ ஆறு வளைந்து வருவது தெரியும்.

கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. தெற்கு விளிம்பு என்று முடிவு செய்து மகளிடமும் சொல்லிவிட்டேன். பூங்காவுக்குள் அறை கிடைக்காவிட்டால் எங்கே தங்குவது?

மறுமொழி 1

தெற்கு வாயிலுக்குச் சற்று வெளியே டூசயான் என்ற சிற்றூரில் விடுதிகள் உள்ளன. அங்கிருந்து புறப்பட்டால் விடியலுக்கு முன்பே விளிம்பை அடைந்துவிடலாம். அறையை இன்றே பதிவு செய்யுங்கள்; மே இறுதியில் அமெரிக்கர்களுக்கும் விடுமுறைக் காலம் தொடங்கிவிடும்.