கிளெமென்டி சொனாட்டாக்கள்: எண் குழப்பம், தேர்ட்ஸ், பெடல்

மொசார்ட் காலத்து இசையமைப்பாளர் கிளெமென்டியின் பியானோ சொனாட்டாக்களுக்கு நோட்ஸ் வாங்கும்போது ஓபஸ் எண்ணை (படைப்பின் வெளியீட்டு எண்) மட்டும் நம்பாதீர்கள், ஸ்கேலையும் சேர்த்துப் பாருங்கள். எஃப் ஷார்ப் மைனர் சொனாட்டா இன்று ஓபஸ் 25 எண் 5. பழைய பதிப்புகளிலும் பியானோ கலைஞர் ஹோரோவிட்ஸின் இசைத்தட்டிலும் அதுவே ஓபஸ் 26 எண் 2. பி ஃபிளாட் மேஜர் ஓபஸ் 24 எண் 2, முன்பு 47 எண் 2 என்று அச்சானது. இசை ஆய்வாளர் ஆலன் டைசன் தொகுத்த கிளெமென்டி படைப்புகளின் அட்டவணை 1967இல் வந்த பிறகுதான் எண்கள் ஓரளவு நிலைத்தன.

*

அந்த பி ஃபிளாட் சொனாட்டாதான் 1781 டிசம்பர் 24 அன்று வியன்னாவில் மன்னர் இரண்டாம் ஜோசப் முன்னிலையில், மொசார்ட்டுக்கு எதிராக கிளெமென்டி வாசித்தது. அதன் தொடக்கம் 1791இல் மொசார்ட்டின் 'மேஜிக் ஃப்ளூட்' ஆப்பராவின் ஓவர்ச்சரில் (தொடக்க இசை) அப்படியே கேட்கும். அடுத்தடுத்து ஒரே சுரம் வருவதால் அப்ரைட் பியானோவில் (செங்குத்தாக நிற்கும் வகை) வேகம் எடுபடாது: கட்டை ஏறக்குறைய முழுதும் மேலே வந்தால்தான் சுத்தி மறுபடி அடிக்கும். கிராண்டில் (படுக்கை வாட்டமான பெரிய பியானோ) பாதி ஏறினாலே போதும். அப்ரைட்டில் வாசிப்பவர்கள் டெம்போவைக் குறைத்து, ஒவ்வொரு சுரத்தையும் அழுத்தாமல் அடுத்த பாரின் (தாளக் கட்டத்தின்) முதல் தட்டை நோக்கிக் கொண்டுபோங்கள்.

*

எஃப் ஷார்ப் மைனரின் கடைசிப் பகுதி பிரெஸ்டோ, அதாவது மிக வேகம். வலது கையின் தேர்ட்ஸில்தான் (ஒரு சுரம் விட்டு அடுத்த சுரத்தைச் சேர்த்து அடிக்கும் ஜோடிகள்) பலரும் மாட்டிக்கொள்கிறார்கள். இன்றைய பியானோவின் கட்டை சுமார் 10 மி.மீ. இறங்கும், அக்கால வியன்னா பியானோவில் ஏறக்குறைய அதில் பாதிதான். அன்று விரல் நுனியில் ஓடியதை இன்று கனமான கட்டையில் இழுக்கிறோம், முன்கை இறுகுகிறது.

மேல் வரியை 3-4-5 விரல்களாலும் (கட்டைவிரல் 1, சுண்டுவிரல் 5) கீழ் வரியை 1-2-3 விரல்களாலும் தனித்தனியாக வாசியுங்கள், ஆனால் சேர்த்து வாசிக்கும்போது வரும் அதே ஃபிங்கரிங்கில். தனியாக வாசிக்கையில் வசதிக்காக விரலை மாற்றினால் அந்தப் பயிற்சி வீண். 3-5இலிருந்து 1-3க்குத் தாவும் இடத்தில் இரண்டையும் ஒட்ட வைக்க முயலாதீர்கள். கீழ்ச் சுரத்தை ஒரு கணம் விட்டுவிடுங்கள், மேல் சுரம் மட்டும் ஒட்டினால் காது ஏற்றுக்கொள்ளும். கறுப்புக் கட்டைகள் நிறைய இருப்பதால் கையை முன்கூட்டியே உள்ளே தள்ளி வைக்க வேண்டும். கட்டைவிரல் வந்த பிறகு தள்ளினால் மணிக்கட்டு குலுங்கி ஆக்ஸென்ட் விழும்.

நடுப்பகுதி 'லென்டோ இ பட்டேட்டிகோ' (மெதுவாக, உருக்கமாக). அங்கே பெடலை ஹார்மனி மாறும் ஒவ்வொரு இடத்திலும் மாற்றுங்கள், பார் கணக்கில் வேண்டாம்.

*

லெகாட்டோ, அதாவது சுரங்களை ஒட்டி வாசிப்பது பற்றி ஒரு வார்த்தை. குறி எதுவும் இல்லாத இடத்தில் பெரும்பாலும் லெகாட்டோவே வாசிக்க வேண்டும் என்று கிளெமென்டியே 1801இல் வெளியிட்ட தன் பாடநூலில் சொல்கிறார். ஓபஸ் 36 சொனாட்டினாக்களைக் குறியில்லாத இடமெல்லாம் கொத்திக் கொத்தி வாசிப்பது அவர் பேச்சுக்கு நேர் எதிர். ஆல்பர்ட்டி பேஸில் (இடது கை கார்டை உடைத்து ஒவ்வொரு சுரமாக வாசிப்பது) கட்டைவிரல் சுரம்தான் தடித்துக் கேட்கும், அதை மட்டும் மெலிதாக்கினால் மெலடி தானே மேலே வரும்.

இவை கடினமாக இருந்தால் இத்தாலிய இசையமைப்பாளர் சிமரோசாவின் ஒற்றைப் பகுதி சொனாட்டாக்களை எடுங்கள். பல ஒன்றிரண்டு பக்கத்தில் முடிந்துவிடும். அடுத்ததாக இன்னொரு இத்தாலியரான கெருபினியின் ஆறு சொனாட்டாக்கள். ஒவ்வொன்றும் இரண்டே பகுதி.